எடுக்காத பொட்டலம்

மீன்சுருட்டி,
மாசி 9, வெள்ளிக்கிழமை

அன்புள்ள தமிழழகன் அப்பாவுக்கு,

இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம். அங்கே நீங்களும் சுகமாக இருக்கணும் என்று வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். கையில் போனை வைத்துக்கொண்டு இவள் ஏன் பேனாவைத் தூக்கினாள் என்று நினைப்பீங்க. உடையார்பாளையம் அன்பழகன் அண்ணன் லீவு முடிந்து ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூர் திரும்புகிறார். நாளைக்குச் சாயந்தரம் வந்து சாமான் வாங்கிக்கிறேன் என்றார். முந்திரிப் பருப்பும் நார்த்தங்காய் ஊறுகாயும் கட்டியாயிற்று. இட்லிப் பொடியில் பூண்டு போடவில்லை, போன தடவை ரூமே நாறுது என்று யாரோ கிண்டல் செய்ததாகச் சொன்னீங்க. அந்தப் பையிலேயே இதையும் வைக்கிறேன். பிரித்ததும் எல்லார் முன்னாடியும் படிக்காதீங்க.

போனில் பேசினால் உங்க ரூமில் கட்டிலுக்குக் கட்டில் கேட்கும். இங்கே மாமா வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். போன ஞாயிற்றுக்கிழமை நீங்க என்னைக் கேட்டீங்களே, "கோயில்ல பூ கேட்டதுல நீ ஏதாவது கைவச்சியா?" என்று, அதற்கு அன்றைக்கு நான் வாயைத் திறக்காததற்கு அதுதான் காரணம். நீங்க அதையே பதிலாக எடுத்துக்கொண்டு போனை வைத்துவிட்டீங்க. அதற்குப் பிறகு தினமும் "சாப்பிட்டியா, பையன் தூங்கிட்டானா" என்று மட்டும் மெசேஜ் வருகிறது. பையன் தூங்கிவிட்டான். அதனால்தான் இப்போது எழுத முடிகிறது.

முதலில் அவனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். முடி இடுப்புக்கு வந்துவிட்டது. காலையில் சடை பின்னினால் மத்தியானத்துக்குள் பிரித்துப் போட்டுவிடுகிறான். கழுத்தெல்லாம் வேர்க்குரு. பேனும் வந்துவிட்டது. அங்கன்வாடிக்குப் புதிதாக வந்த டீச்சர் இவனைப் பெண் பிள்ளைகள் வரிசையில் நிற்க வைத்து, "பாப்பா பேரு என்னம்மா?" என்று கேட்டிருக்கிறார். இவன் ஒன்றும் பேசாமல் ட்ரவுசரை இறக்கிக் காட்டிவிட்டானாம். ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்து முடித்ததும் இதை உடனே சொல்ல ஆள் இல்லையே என்று இருந்தது. உங்களுக்கு அது வேலை நேரம். ராத்திரி சொல்லும்போது அந்தச் சிரிப்பு பழசாகிவிடுகிறது.

நீங்க அனுப்பின மூன்றாவது படத்தையும் மாமா ஜெயங்கொண்டத்தில் கொடுத்துப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, மற்ற இரண்டோடும் வரிசையாக மாட்டிவிட்டார். மூன்றும் ஒரே கரையிலிருந்து எடுத்தது என்று சொன்னீங்க. சொல்லாவிட்டால் யாரும் நம்ப மாட்டார்கள். முதல் படத்தில் பாதிக்கு மேல் தண்ணீர், தூரத்தில் கிரேன்கள், முன்னால் பல்லெல்லாம் தெரிய நீங்க. இரண்டாவதில் நீங்க ஓரமாக ஒதுங்கிவிட்டீங்க, கட்டடங்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கின்றன. மூன்றாவதில் தண்ணீரையே காணோம். எல்லாம் கண்ணாடி. ஒரு கட்டடத்தின் நிழல் இன்னொன்றின் மேல் விழுந்து, வானம்கூடக் கண்ணாடிக்குள்தான் இருக்கிறது. நீங்களும் அதில் இல்லை. நீங்கதான் எடுத்தீங்க, அதனால் இல்லை, எனக்குத் தெரியும். ஆனாலும் பையன் தினமும் அந்தப் படத்துக்குக் கீழே நின்று அப்பா எந்த ஜன்னலில் இருக்கிறார் என்று கேட்கிறான். நான் ஒரு நாள் காட்டின ஜன்னலை மறுநாள் மறந்துவிடுகிறேன். அவன் மறப்பதில்லை, சண்டைக்கு வருகிறான்.

மாமாவுக்கு அந்தப் படங்கள் என்றால் அப்படி ஒரு பெருமை. டீக்கடையில் போனை எடுத்துக் காட்டி, இந்தக் கண்ணாடி அத்தனையும் எம் மவன் மாட்டுனது என்பார். கடைக்கார மதுரைவீரன் அண்ணன் சும்மா இருப்பாரா. நான் ரேஷன் கடைக்குப் போகும்போது என் காதிலேயே விழுந்தது. படத்துல உம் மவன் எங்கய்யா என்று அவர் கேட்க, உள்ள இருக்கான், உனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சு என்றார் மாமா. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர், அந்தக் காலத்துல நம்ம பாட்டன்மாரு சோழபுரத்துக் கோபுரத்துக்குக் கல்லை ஏத்துனாங்க, இப்ப பேரன்மாரு கடலுக்கு நடுவுல கண்ணாடியை ஏத்துறாங்க, மொத்தத்துல நம்மாளு ஏத்திக்கிட்டேதான் இருக்கான், எதுலயும் குடியிருந்ததில்ல என்றார். எல்லாரும் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை.

வீட்டில் எப்படி என்று நீங்க ஒருபோதும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. அத்தை இருந்திருந்தால் வேறு மாதிரி இருந்திருக்கும். நான் மாமாவோடு நேருக்கு நேர் பேசுகிற வழக்கம் இல்லை, அவரும் என்னோடு பேச மாட்டார். எல்லாம் பையன் வழியாகத்தான். "ஏண்டா தமிழு, ஒங்கம்மா சாப்பிட்டாளாடா?" என்பார். தாத்தாவுக்குச் சோறு போட்டாச்சுன்னு சொல்லுடா என்பேன் நான். பையன் தூங்கிவிட்டால் வீட்டில் பேச்சே கிடையாது. அவர் வாசலில், நான் அடுப்படியில், நடுவில் டிவி யாருக்கோ ஓடிக்கொண்டிருக்கும். படித்த பொண்ணு, பேசிப் பழகணும் என்பீங்க. காலேஜில் மேடையேறிப் பேசினவள்தான் நானும். இந்த வீட்டில் எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை.

என் போனில் உங்க ஊர் வானிலைதான் வைத்திருக்கிறேன். காலையில் எழுந்ததும் அங்கே காற்று எவ்வளவு, இடி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மற்ற வேலை. போன வாரம் எதிர்வீட்டு வளர்மதி அக்கா, மழை வருமா பாத்துச் சொல்லு சுதா என்றார். நானும் பார்த்து, இடி மின்னலோட மழை போட்டிருக்குக்கா என்றேன். அவர் காயப்போட்ட மிளகாயை எல்லாம் அரக்கப்பரக்க அள்ளி உள்ளே போட்டார். ஒரு பொட்டுத் தூறல் இல்லை. ஒன் புருசன் ஊரு மழைக்கு எம் மொளவாய அள்ள வச்சிட்டியேடி என்று இன்னும் சொல்லிக் காட்டுகிறார்.

இப்போது பூ கேட்ட கதைக்கு வருகிறேன். உங்களிடம் போனில் மாமா சொன்னது பாதிதான் இருக்கும்.

இவன் குறைமாதத்தில் பிறந்து கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தபோது வேண்டிக்கொண்டது நீங்க. பிள்ளை பிழைத்தால் அவன் முதல் முடியோடு என் முடியையும் சேர்த்து இறக்குகிறேன் என்று செல்லியம்மனுக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்தீங்க. ஒரு வயதில் எடுத்திருக்க வேண்டியது. அதற்குள் விமானம் ஏறிவிட்டீங்க. இப்போது மூன்று. வைகாசி வந்தால் நாலு ஆகிவிடும், இரட்டைப்படை வயதில் எடுக்கக் கூடாது, அப்புறம் அஞ்சு வரைக்கும் காத்திருக்கணும். பங்குனியில் நாள் பார்க்கலாம் என்று நான் சொன்ன அன்றைக்குத்தான் நீங்க அந்தப் புதுக் கட்டடத்தைப் பற்றிச் சொன்னீங்க. இருக்கிறதிலேயே உயரம், தண்ணிக்குக் கிட்டத்தில், உங்களுக்கு சூப்பர்வைசர் வேலை, பங்குனியில் ஆரம்பம், அந்த நேரத்தில் லீவு எடுத்தால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள், ஏறினால் இரண்டு வருஷத்துக்கு இறங்க முடியாது என்று.

மாமா உடனே உங்க கட்சிக்கு வந்துவிட்டார். ஒரு மொட்டைக்காக ஒருத்தன் அம்புட்டு ஒசரத்த விட்டுட்டு வருவானா, அவனுக்குப் பதிலா நான் மொட்டை போட்டுக்குறேன் என்றார். பையனிடம்தான் சொன்னார், என் காதில் விழும்படி. மதுரைவீரன் அண்ணனுக்கு அது போதாதா. மாமா தலையில் காதோரம் நாலு முடி தவிர என்ன இருக்கிறது. மொட்டைத் தலைக்கு மொட்டையா, ஆத்தா கணக்குல எடுத்துக்காதய்யா என்று கடை முழுக்கச் சிரிப்பு. பங்காளிகள் கூடிப் பேசி, எதற்கும் பூ கேட்டுவிடுவோம் என்று முடிவு செய்தார்கள். வெள்ளை வந்தால் தாத்தா போட்டுக்கொள்ளலாம். சிவப்பு வந்தால் வேண்டினவன்தான் வரணும்.

போன வாரம் செவ்வாய்க்கிழமை போனோம். நம் பங்காளிகளில் பூ கட்டுவது மாமாதான், அது உங்களுக்கே தெரியும். நந்தியாவட்டையும் செவ்வரளியும் பறித்துக்கொண்டு கோயில் பின்பக்கம் போய், பூவரச இலையில் மடித்து வாழைநாரால் கட்டி, இரண்டு பொட்டலம் கொண்டுவந்து ஆத்தா காலடியில் வைத்தார். பூசாரி உடுக்கை அடித்தார். பையனை எடுக்கச் சொன்னார்கள். அவன் இரண்டையும் எடுக்கப் பார்த்தான், ஒன்றை விடுடா என்று எல்லாரும் சிரித்தார்கள். ஒன்றைப் பிரித்தால் சிவப்பு. பூசாரி இன்னொன்றையும் பிரித்துப் பார்த்துவிடலாமே என்று கை நீட்டினார். மாமா அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, உத்தரவு வந்த பொறவு எடுக்காத பொட்டலத்தப் பிரிக்குறது எங்க வழக்கமில்ல என்றார். வழியெல்லாம் புலம்பிக்கொண்டே வந்தார். ஆத்தாளுக்கு அவன் வேலை எங்க தெரியுது, நான் என்ன பண்ணட்டும் என்றார். அன்றைக்கு ராத்திரி உங்களோடு பேசினபோதும் அதே புலம்பல்தான்.

இதில் நான் எங்கே கைவைப்பேன், சொல்லுங்க. தீபாவளி அன்று கோபத்தில், எதையாவது பண்ணி உங்களை வரவழைக்கிறேனா இல்லையா பாருங்க என்று சொன்னேன். அதை மனசில் வைத்துக்கொண்டு கேட்டீங்க. இந்தப் பூ, குறி எல்லாம் மூடநம்பிக்கை என்று கல்யாணமான புதிதில் வாதாடினவள்தான் நான். அன்றைக்குக் கோயிலில் கண்ணை மூடிக்கொண்டு, சிவப்பு, சிவப்பு என்று வேண்டினேன். அது உண்மை. அதற்கு மேல் ஒரு தூசியைக்கூட நகர்த்தவில்லை. என்னை நம்புங்க. நீங்க ஆபீசில் லீவு கேட்டீங்களா இல்லையா என்றுகூடத் தெரியாமல் இருக்கிறேன்.

மீதியை நாளைக்கு எழுதுகிறேன். பையன் புரண்டு படுக்கிறான்.

சனிக்கிழமை, மத்தியானம்

மேலே எழுதினதைக் கிழித்துப் போடலாமா என்று யோசித்தேன். வேண்டாம், இருக்கட்டும். அதில் பொய் ஒன்றும் இல்லை.

காலையில் மாமா ஜெயங்கொண்டம் போய்விட்டு வந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் பின்னால் குளிக்கப் போனார். டவுனுக்குப் போய்வந்தால் அந்தச் சட்டைப் பையில் கடலை மிட்டாய் இருக்கும் என்று பையனுக்குத் தெரியும். நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறிக் கையைவிட்டான். மிட்டாயோடு இன்னொன்றும் வந்தது. அதையும் தின்கிற பண்டம் என்று நினைத்து, பிரித்துக் கொடும்மா என்று என்னிடம் கொண்டுவந்தான். காய்ந்த பூவரச இலை. நாரைத் தொட்டதுமே அறுந்துவிட்டது.

உள்ளே இருந்தது சிவப்பு.

வாடிப்போயிருந்தது, ஆனாலும் செவ்வரளி செவ்வரளிதான். நந்தியாவட்டை காய்ந்தால் பழுப்பாகும், இந்த நிறம் வராது. வெளிச்சத்தில் கொண்டுபோய் இதழ் இதழாகப் பார்த்தேன். ஆத்தா காலடியில் வைத்த பூவைக் கண்ட இடத்தில் போடக் கூடாது, தண்ணீரில்தான் விடணும். இந்த மாசியில் ஏரியிலும் வாய்க்காலிலும் தண்ணீர் எங்கே இருக்கிறது. விட இடம் கிடைக்காமல் அவர் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார். வேறு யாராக இருந்தாலும் அன்றைக்கே சுருட்டி வேலிக்கு அந்தப் பக்கம் எறிந்திருப்பார்கள். ஆத்தாவை ஏமாற்றத் துணிந்த மனுஷனுக்கு, அவள் பூவைக் கீழே போட மனசு வரவில்லை.

இரண்டிலும் சிவப்புதாங்க. பையன் எதை எடுத்திருந்தாலும் நீங்கதான் வரணும்.

நாரைத் திரும்பக் கட்டி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். பிறகு ஒவ்வொன்றாகத் தோன்ற ஆரம்பித்தது. மாமா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த மூன்றாவது படத்தின் மேல் விரலை வைத்து மாடி மாடியாகத் தடவிக்கொண்டு நிற்பார். கட்டடத்தின் அழகைப் பார்க்கிறார் என்று நினைத்திருந்தேன். டீக்கடையில் பெருமை பேசிவிட்டு வருகிற அன்றைக்கெல்லாம் ராத்திரிச் சோறு மிஞ்சும். என் மகன் அவ்வளவு உயரத்தில் இருக்கிறான் என்று ஊரிடம் சொன்ன வாயால், இறங்கி வாடா என்று உங்களிடம் சொல்ல அவருக்கு வெட்கம். நாங்கள் இருவரும் ஒரே வீட்டில் ஒரே நினைப்பை வைத்துக்கொண்டு, பையன் வழியாகச் சோறு வேணுமா குழம்பு வேணுமா என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறோம்.

குளித்துவிட்டு வந்தவர் நான் எழுதுகிற தாளைப் பார்த்தார். பையனைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு, "ஏண்டா தமிழு, ஒங்கம்மா ஒங்கப்பனுக்குக் கடுதாசி எழுதுறா போலருக்கு. ஆத்தா உத்தரவ மீறக் கூடாதுன்னு நல்லா அழுத்தி எழுதச் சொல்லுடா" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. எழுதுறேன்னு சொல்லுடா என்றேன்.

அவர் சொன்னபடி அழுத்தி எழுதியிருக்கலாம். எழுதினால் நீங்க வந்துவிடுவீங்க. என் மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும், பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடும் என்ற பயத்தில் வேலையை விட்டுவிட்டாவது வருவீங்க. அது எனக்குத் தெரியும். இந்தத் தாளை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அப்படி வந்தால் இங்கே இருக்கிற நாள் முழுக்க உங்க நினைப்பு அந்தக் கட்டடத்தில்தான் இருக்கும், ஆத்தா கெடுத்துவிட்டாள் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருப்பீங்க. அது எனக்கு வேண்டாம். அதனால் உள்ளதைச் சொல்லிவிட்டேன். செல்லியம்மன் உங்களைக் கூப்பிடவில்லை. நீங்க வராவிட்டால் தெய்வக் குத்தம் ஒன்றும் இல்லை, பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. அஞ்சு வயதில் எடுத்துக்கொள்ளலாம். பேனுக்கு நான் மருந்து தடவிக்கொள்கிறேன். அந்த வேலையை எடுத்துக்கொள்வதென்றால் பயமில்லாமல் எடுத்துக்கொள்ளுங்க.

ஒன்று மட்டும் கேட்கிறேன். இதை மாமாவிடம் கேட்டுவிடாதீங்க. சாடையாகக்கூட வேண்டாம். என்றைக்காவது இந்தப் பேச்சு வந்தால் நான்தான் கைவைத்தேன் என்றே இருக்கட்டும். எனக்கு அதில் குறை இல்லை. இந்த வயதில் அவர் மகன் முன்னால் தலை குனிந்து நிற்பதை என்னால் பார்க்க முடியாது.

அன்பழகன் அண்ணன் வருகிற நேரம் ஆகிவிட்டது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்க. எங்கே இருந்தாலும் நல்லா இருங்க. ஆத்தா சொன்னாள் என்று இறங்கி வரவேண்டாம். நாங்க கூப்பிடுகிறோம், உங்க அப்பாவும் நானும். அதற்காக வர முடியும் என்றால் வாங்க.

உங்கள்,
ஜெயசுதா